இல்லையென்று சொல்லாத ஊர்

அத்தியாயம் பதினொன்று

தென்னை மரத்தின் உச்சியில் இருக்கும்போதுதான் பவுரோ உண்மை பேசுவான். கீழே நிற்பவளின் கை எட்டாது என்பது ஒரு காரணம். இரண்டு கையும் பாளையில் இருப்பதால் தலையைச் சொறிந்து மழுப்ப முடியாது என்பது இன்னொன்று. அவனோடு இருபது வருடம் குடித்தனம் நடத்திய ராகெராவுக்கு இது நன்றாகவே தெரியும்.

போன வாரம் அவளைக் குழிக்கரையில் விட்டுவிட்டு வந்தோம். மூன்று வாரம் முழங்கால் சேற்றில் நின்று, களை பிடுங்கி, இடிந்த கரையைக் கட்டி அவள் சுத்தம் செய்து வைத்த கிழங்குக் குழி அது. அந்தக் குழிக்குள் பவுரோவின் சித்தப்பா மகன் கமோரிகி மண்வெட்டியும் கையுமாக நின்றான். "அண்ணன்கிட்ட கேட்டுட்டேன் அண்ணி" என்று பல்லைக் காட்டினான். அன்று ராத்திரி முழுக்கப் பவுரோ தூங்குவதுபோல் நடித்தான். விடிந்ததும் மரத்தடிக்கு வந்துவிட்டாள் ராகெரா.

மேலே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தீவில் கள் சீவுகிறவன் பாடிக்கொண்டுதான் சீவுவான். பாட்டு நின்றால் ஒன்று ஆள் விழுந்திருக்க வேண்டும், இல்லை பெண்டாட்டி வந்திருக்க வேண்டும்.

"கமோரிகி உன்கிட்ட என்ன கேட்டான்?"

பாட்டு நின்றது.

"எந்தக் கமோரிகி?"

"உன் சித்தப்பா எத்தனை பேருக்கு அந்தப் பேரை வச்சாரு?"

மேலிருந்து சீவல் ஒன்று அவள் தோளில் விழுந்தது. தட்டிவிட்டாள். அவன் பாளையைக் கயிற்றால் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"குழியைக் கேட்டான்."

"சும்மா கேட்டானா, புபூசியாக் கேட்டானா?"

"புபூசியாத்தான்."

ராகெரா மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

புபூசி என்று சொல்லி உறவுக்காரன் ஒன்றைக் கேட்டுவிட்டால் இங்கே அதற்கு மேல் பேச்சில்லை. வலையாக இருக்கட்டும், படகாக இருக்கட்டும், போட்டிருக்கும் சட்டையாகவே இருக்கட்டும், கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். இல்லையென்று சொன்னவனின் பெயர் ஊர்க்கூடத்தில் அவன் பேரப்பிள்ளைகள் காலம் வரை அடிபடும். அதனால் யாரும் சொல்வதில்லை. கேட்கிறவனுக்கும் வெட்கம் உண்டு. கமோரிகிக்கு அது கொஞ்சம் குறைவு.

"என்னைக்குக் கேட்டான்?"

"ஞாயித்துக்கிழமை. கோயில் விட்டு வரும்போது."

"நான் குழியில களை பிடுங்கி முடிச்ச மறுநாள்."

"அப்படியா? நான் நாள் பாக்கலை."

"நீ பாக்கலை. அவன் பாத்திருக்கான். பன்னெண்டு வருசம் புதர் மண்டிக் கெடந்தப்ப எவனும் வந்து கேக்கலையே!"

"ராகெரா, நாமதான் போகப்போறோமே" என்றான் பவுரோ, கெஞ்சுகிற குரலில். "இந்த வாரம் குலுக்கல் முடிவு வந்துரும். நமக்கு எதுக்கு அந்தக் குழி? விட்டுட்டுத்தானே போகணும்?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறாள்.

நியூசிலாந்தில் குடியேற ஆள் எடுக்கும் குலுக்கலுக்கு முதன்முதலில் பெயர் கொடுத்த வருடம் வீட்டிலிருந்த இரண்டு பன்றிகளையும் உறவுக்குக் கொடுத்தார்கள். விட்டுட்டுத்தானே போகணும். மறுவருடம் கூரைக்குப் புது ஓலை வேய வேண்டியிருந்தது. எதுக்கு, விட்டுட்டுத்தானே போகணும் என்று ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் ஓலையைச் செருகினான். அந்தச் செருகல்மேல் செருகலாக இன்றைக்குக் கூரை கிழவன் சட்டை மாதிரி இருக்கிறது. படகு செய்யவில்லை. மரம் நடவில்லை. அப்போது ஏழு வயதான மகள் ரூத்தாவுக்கு என்று குளிர்ச்சட்டை ஒன்று பெட்டியில் வாங்கி வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது பத்தொன்பது வயது. சட்டை முழங்கை தாண்டி ஏறாது.

ராகெராவுக்குப் போக ஆசையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கும் ஆசைதான். அவள் தங்கை அங்கே ஆப்பிள் பறிக்கிற இடத்தில் இருக்கிறாள், போனில் கூப்பிட்டால் இவள் அழாமல் வைத்ததில்லை. அவள் கோபமெல்லாம் இந்த நடுவில் போன பன்னிரண்டு வருடத்தின் மேல்தான். போன மாதம் ஊர்க்கூடத்து விருந்துக்கு எல்லா வீட்டிலிருந்தும் பாபாய்க் கிழங்கு வந்தது, ஆள் தொடை பருமனுக்கு. இவள் வீட்டிலிருந்து கடை அரிசி போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய பேச்சு. வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்தாள்.

அந்தக் குழி ஒன்றுதான் அவர்களுக்கு இருந்தது. சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் பவளக் கல், அதை ஆள் ஆழத்துக்குத் தோண்டினால் கீழே கொஞ்சம் நல்ல தண்ணீர். அதில்தான் பாபாய் வரும். பவுரோவின் முப்பாட்டன் தோண்டியது. இனிமேல் தோண்ட இடமும் இல்லை, ஆளும் இல்லை.

"எப்ப நடறான்?"

"இன்னைக்கு. மத்தியானத்துக்கு மேல, கடல் வத்துறப்போ."

கடல் வற்றினால் குழித் தண்ணீரும் கூடவே இறங்கும். அப்போதுதான் நடுவார்கள். நட்டுவிட்டால் முடிந்தது. நட்டவனுக்குத்தான் குழி.

ராகெரா திரும்பி நடந்தாள். மேலே வெகுநேரம் பாட்டு எழவில்லை.

* * *

ரூத்தா சீமைப்பலா மரத்தடியில் நின்றிருந்தாள். வீட்டிலிருக்கும் ஒரே போனுக்கு அந்த ஒரு மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். தலைநகர் தராவாவில் இருக்கும் பவுரோவின் தங்கை தேரோவாவுக்குத்தான் குலுக்கல் முடிவு ஈமெயிலில் வரும். அவள் இங்கே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இந்த வருடம் மூன்று பெயர் போயிருக்கிறது. பவுரோ பெயர், ராகெரா பெயர், வயது வந்துவிட்டதால் ரூத்தா பெயரும் தனியாக. பவுரோவுக்கு இதுதான் கடைசி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

"அத்தை கூப்பிட்டாளா?"

"இல்லம்மா. அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"மரத்து மேல இருந்து ஒத்துக்கிட்டாரு."

ரூத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"நீயும் போயி புபூசியாக் கேட்டு குழியைத் திருப்பி வாங்கிரும்மா. சித்தப்பா இல்லைன்னா சொல்லிருவாரு?"

"சொல்லமாட்டான். ஆனா கொடுத்ததைப் பொண்டாட்டியை அனுப்பித் திருப்பி வாங்கினான்னு உங்கப்பனை ஊரே பேசும். அவர் தலையைக் குனிய வச்சுட்டு நான் கிழங்கு தின்னவா?"

"நீதான் தினமும் அவரைத் திட்டறியே!"

"நான் திட்டலாம். ஊர் திட்டக்கூடாது."

அவள் கால் நட்டுத் தூக்கிக் கட்டிய பரண் வீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அங்கே அவள் முடைந்த தாழையோலைக் கூடைகள் அடுக்கியிருந்தன. அடி இல்லாத கூடைகள். பாபாய்க் கன்றைச் சுற்றி இறக்கி, உள்ளே தழையும் கறுப்பு மண்ணும் நிரப்புவதற்கு. கன்றுக்குத் தன் அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாள், அது இன்னும் வந்தபாடில்லை. கமோரிகி சாமர்த்தியசாலி. குழி கைக்கு வந்த மறுநாளே தெற்கேயிருந்து வந்த படகில் கன்றுகளை இறக்கிவிட்டான்.

கன்றுகளை இறக்கிவிட்டான்.

ராகெரா நிமிர்ந்தபோது தலை பரணில் நச்சென்று இடித்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ரூத்தா, என் நல்ல பாவாடை எங்க?"

"எதுக்கு? சேத்துக்கா?"

"உங்க சித்தப்பா வீட்டுக்கு."

* * *

கமோரிகி கெட்டவன் இல்லை. கிடைப்பதை விடாதவன், அவ்வளவுதான். அண்ணி நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் மரியாதையாகக் குனிந்து நடந்து வந்ததைப் பார்த்ததும் அவன் மண்வெட்டியைப் பின்னால் தள்ளி வைத்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். அவன் மனைவி எரிசபேதா பாய் விரித்து, இனிப்புக் கள்ளில் தண்ணீர் கலந்து கொண்டு வந்தாள்.

ராகெரா குடித்தாள். மீன் படுகிறதா என்று கேட்டாள். குழந்தையின் இருமல் போய்விட்டதா என்று கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நீளம் என்றாள். கமோரிகியால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, குழியைப் பத்தின்னா, அது அண்ணன் தன் வாயால கொடுத்தது."

"குழியைப் பத்தி நான் வாயே தொறக்கலையே கொழுந்தனாரே. அவர் கொடுத்தாச்சு, நீங்க வாங்கியாச்சு. அது உங்களுது."

கமோரிகிக்கு உயிர் வந்தது. "அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான் மனைவியிடம், தாராளமாக.

"போதும். நான் ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." டம்ளரைப் பாயில் வைத்தாள் ராகெரா. "புபூசி."

பாய் முடைந்த கைகள் நின்றன. எரிசபேதா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். கமோரிகியின் கண் வீட்டைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி, மூலையில் சாய்த்திருந்த சைக்கிளில் போய் நின்றது.

"சைக்கிளா அண்ணி? செயின் அறுந்து கெடக்கு. ஓட்டினா விழுந்துருவீங்க."

"சைக்கிள் வேணாம்."

"வலையா? அது இவ தம்பிது. சத்தியமா."

"வலையும் வேணாம்." ராகெரா மோவாயால் காட்டினாள். நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வைத்திருந்தது. "அந்தக் கன்னுங்க."

"ஓ, கன்னா?" என்றான் கமோரிகி. "எத்தனை?"

"எத்தனை இருக்கு?"

"நாப்பது."

"அப்ப நாப்பதும்."

முதலில் சிரித்தது எரிசபேதாதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முடியாமல் பாயில் சாய்ந்து சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. இன்று சாயங்காலத்துக்குள் இது தீவின் வடகோடி வரை போய்விடும் என்று கமோரிகிக்குத் தெரிந்தது. இல்லையென்று சொன்னால் அதைவிட வேகமாகப் போகும்.

"அண்ணி, கன்னு இல்லாம குழியை வச்சு நான் என்ன பண்றது? கொசு வளக்கறதா?"

"எனக்கும் அதே கவலைதான். குழி இல்லாம கன்னை வச்சு நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு பேரும் சேந்து யோசிச்சா என்ன?"

அவன் அவளையே பார்த்தான். கோபம் வரப்பார்த்தது, ஆனால் மனைவியின் சிரிப்பில் அது நிற்கவில்லை.

"சொல்லுங்க" என்றான்.

"பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு. கூடை நான் முடைஞ்சு வச்சிருக்கேன். தழையுரம் எங்கப்பா வழி ரகசியம். அந்தக் கலவை உங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, கலக்கும்போது திரும்பி நிக்கணும். மண்ணு சுமக்கறது உங்க வேலை. நாங்க நியூசிலாந்து போயிட்டா எங்க பாதிக்கும் நீங்கதான் தழை போடணும். ஊர்க்கூடத்து விருந்துக்கு எங்க பேருல ஒரு கிழங்கு போகணும், வருசா வருசம்."

"போற ஆளு எதுக்கு அண்ணி நடணும்? இதுதான் எனக்குப் புரியல. அண்ணன் சரியாத்தானே சொன்னாரு?"

ராகெரா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள்.

"போற அன்னைக்கு வரைக்கும் நான் இருக்கற ஆளுதான் கொழுந்தனாரே. இருக்கற ஆளுக்குப் பசிக்கும், விருந்து வரும், மழை வந்தா கூரை ஒழுகும். குலுக்கல்ல பேர் வரட்டும், நானும் ஆண்டவனை வேண்டிக்கிட்டுதான் இருக்கேன். அதுக்காக அது வர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே நிக்க முடியுமா? பன்னெண்டு வருசம் பிடிச்சு நின்னாச்சு. போதும். சாக்கைத் தூக்குங்க."

கமோரிகி தூக்கினான்.

* * *

பவுரோ குழிக்கரைக்கு வந்தபோது தம்பியும் பெண்டாட்டியும் ஒரே குழிக்குள் நிற்பதைப் பார்த்தான். அவன் தயார் செய்து வைத்திருந்த சமாதானம் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. கரையிலேயே நின்றான்.

"என்ன, வேடிக்கை பாக்க வந்தியா?" என்றாள் ராகெரா நிமிராமல்.

"எப்படி ராகெரா இது?"

"உன் தம்பிகிட்ட கேளு."

"என்கிட்ட கேக்காதண்ணே" என்றான் கமோரிகி. அவன் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். தழை கலக்கிற நேரம் அது. "நான் தண்டனையில இருக்கேன். எரிசபேதாகிட்ட கேளு, ஆயிரம் தடவை சொல்லுவா."

பவுரோ இறங்கினான். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. கால் புதைந்த இடத்தில் சேறு குமிழி விட்டது. சின்ன வயதில் இந்தச் சேற்றில் அப்பாவோடு நின்றதற்குப் பிறகு அவன் இதற்குள் கால் வைக்கவே இல்லை. அவன் கன்றை எடுத்துக் கொடுக்க, அவள் நட்டுக் கூடையை இறக்க, தழை போட, கமோரிகி மண் கொட்டினான். வேலை சூடு பிடித்தது. இருபதாவது கன்றுக்குப் பிறகு பவுரோ வாயைத் திறந்தான்.

"நல்லா விளைய மூணு வருசமாவது ஆகும் இது."

"ஆகட்டும்."

"மூணு வருசத்துல நாம எங்க இருப்போமோ."

"எங்க இருந்தாலும் மூணு வருசம் ஆகத்தான்யா போகுது."

அவன் அடுத்த கன்றை எடுத்தான். வேரில் ஒட்டியிருந்த அழுகலைக் கட்டைவிரலால் பதமாகச் சுரண்டி எறிந்துவிட்டுக் கொடுத்தான். அவள் சொல்லாமலே செய்தான்.

"உன்கிட்ட கேக்காமக் கொடுத்தது தப்பு ராகெரா" என்றான். மரத்து மேல் இல்லை, தரைக்கும் கீழே, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சொன்னான்.

ராகெராவுக்குக் கண் கரித்தது. கை முழுக்கச் சேறு, துடைக்க வழியில்லை. "கூரைக்கும் ஓலை மாத்தணும்" என்றாள்.

"மாத்துவோம்."

"வர்ற மாசம்."

"சரிங்கறேன்ல!"

கமோரிகி சிரித்தான். மூன்று பேரும் சிரித்தார்கள். கடல் திரும்பத் தொடங்கியிருந்தது, குழித் தண்ணீர் விரற்கடை விரற்கடையாக ஏறியது. இன்னும் ஆறு கன்று பாக்கி. தண்ணீர் முட்டிக்கு மேல் வந்துவிட்டால் கூடை நிற்காது, மிதக்கும்.

அப்போதுதான் ரூத்தாவின் குரல் கேட்டது. பலாமரத்தடியிலிருந்தே கத்தினாள். போனை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் லைன் போய்விடும்.

"அப்பா! அத்தை லைன்ல இருக்காங்க! பேர் வந்திருக்காம்!"

மண்வெட்டி கமோரிகியின் கையிலேயே நின்றது.

"யார் பேரு?" என்று ராகெரா கேட்டாள். கத்தவில்லை. அவளுக்கே கேட்காத அளவு மெதுவாகத்தான் வந்தது.

"ஒருத்தர் பேருதானாம்! யார் பேருன்னு அப்பாகிட்டதான் சொல்லுவாங்களாம்! சீக்கிரம் வாங்கப்பா!"

ஒருவர் பெயர். பவுரோ பெயரோ ராகெரா பெயரோ என்றால் மூன்று பேரும் போகலாம். ரூத்தா பெயர் என்றால் அவள் மட்டும்தான். இது மூன்று பேருக்கும் தெரியும், குழிக்குள் இருக்கும் கமோரிகிக்கும் தெரியும்.

பவுரோவின் ஒரு கால் அதற்குள் கரையில் ஏறியிருந்தது. கை கரையோரத்து வேரைப் பிடித்திருந்தது, உடம்பு முழுக்கப் பலாமரத்தை நோக்கி இழுத்தது. பன்னிரண்டு வருடமாக இந்த ஒரு அழைப்புக்காகத்தான் அவன் எதையும் தொடாமல் இருந்தான். ராகெரா அவனைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கூடையை ஒரு கையால் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை அடுத்த கன்றுக்காக நீட்டியபடி நின்றாள்.

"அப்பா! பேட்டரி போயிரும்!"

பவுரோ மகள் இருந்த திசையைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான்.

"அத்தையை அப்புறமாக் கூப்பிடச் சொல்லு!" என்று கத்தினான். "இன்னும் ஆறு இருக்கு!"

கரையில் வைத்த காலைத் திரும்பச் சேற்றில் இறக்கி, கன்றை எடுத்து அவள் கையில் வைத்தான்.